நெய்யூரிலிருந்து ஒரு பகல்: எந்தத் தொழிலில் கை வைக்கலாம்?

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களின் நாள் பெரும்பாலும் ஒரே தடத்தில் போகிறது. விடியலில் சூரிய உதயம், படகேறி விவேகானந்தர் பாறை, 133 அடி திருவள்ளுவர் சிலை, வழியில் சுசீந்திரம், பிற்பகல் பத்மநாபபுரம் அரண்மனை, நேரமிருந்தால் திற்பரப்பு. எல்லாமே பார்க்க வேண்டிய இடங்கள்தான். ஆனால் அவற்றில் கண்ணுக்கு மட்டுமே வேலை. கைக்கும் ஒரு வேலை வேண்டும், ஒரு தொழிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும், அதைச் செய்கிறவர் பக்கத்தில் அரை நாளாவது உட்கார வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

தங்குமிடமாக நெய்யூரைச் சொல்வேன். 1838இல் லண்டன் மிஷன் தொடங்கிய மருத்துவமனையால் பெயர் பெற்ற ஊர் இது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறிய சோமர்வெல், லண்டனில் கிடைத்திருக்கக்கூடிய வாழ்க்கையை விட்டுவிட்டு அறுவை மருத்துவராக வந்து உழைத்தது இந்த மருத்துவமனையில்தான். பயணிக்கு இதைவிடப் பயன்படுவது ஊரின் இருப்பிடம். இரணியல் ரயில் நிலையம் பக்கத்தில் இருக்கிறது. திங்கள்சந்தைப் பேருந்து நிலையத்திலிருந்து நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் என்று நான்கு பக்கமும் பஸ் உண்டு. தெற்கே சிறிது தூரத்தில் கடல், வடக்கே ரப்பர் தோட்டங்கள், கிழக்கே நாஞ்சில் நாட்டு வயல்கள். கீழே நான் சொல்லப்போகும் இடங்கள் எல்லாவற்றுக்கும் காலையில் போய் இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். குஜராத்தின் கட்ச் பகுதியில், 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு உருவான அஜ்ரக்பூரில், வெளியூர்க்காரர் போய் அச்சுக்கட்டையைக் கையில் எடுத்துத் துணியில் பதித்துப் பார்க்கலாம்; வருகிறவர்களைச் சொல்லிக் கொடுத்து அனுப்புவது அங்கே தொழிலோடு சேர்ந்த பழக்கமாகிவிட்டது. நம் மாவட்டத்தில் அப்படிக் கட்டணச் சீட்டு கொடுத்து உட்கார வைக்கும் இடங்களை எதிர்பார்த்து வராதீர்கள். இங்கே இருப்பவை வேலை நடக்கும் பட்டறைகள், களங்கள், அடுப்படிகள். நீங்கள் போனாலும் போகாவிட்டாலும் அவை தம் நேரத்துக்கு இயங்கும். ஆகவே ‘எது அழகு’ என்று பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தேர்வுக்கு மூன்று கேள்விகள் போதும். நீங்கள் வரும் மாதத்தில் அந்த வேலை நடக்கிறதா? பழக்கமில்லாத கை ஒரு பகலில் அதில் என்ன செய்ய முடியும்? நீங்கள் பக்கத்தில் உட்கார்வதால் அவருக்கு எவ்வளவு வேலை கெடும்? நான் ஒவ்வொரு தொழிலையும் இந்த மூன்றையும் வைத்தே எடை போடுகிறேன்.

பனையும் ஓலையும்

காலம் வாய்த்தால் என் முதல் தேர்வு பனை. மாசி, பங்குனி, சித்திரை மாதங்களில் வருகிறவர்கள் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்.

பனையேறி விடியுமுன்பே மரத்தில் இருப்பார். பாளையைக் கடிப்பு என்ற கருவியால் பக்குவமாக நசுக்கி, நாரால் கட்டி, நுனியை மெல்லிய வில்லையாகச் சீவிவிட்டுக் கலயத்தை மாட்டுகிறார். அந்தச் சீவல் காலையும் மாலையும் தவறாமல் நடக்க வேண்டும். விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது அக்கானி, மற்ற ஊர்க்காரர்கள் பதநீர் என்பது. தடவாவிட்டால் அது புளித்துக் கள்ளாகிவிடும், அதை இறக்கத் தமிழ்நாட்டில் தடை. மரம் ஏறிப் பார்க்கிறேன் என்று யாரும் கேட்கக் கூடாது. இளவயதிலிருந்து ஏறிப் பழகியவர்களே விழுந்து முடமான வீடுகள் இந்தப் பக்கத்தில் உண்டு. விருந்தாளியின் வேலை தரையில்தான் தொடங்குகிறது.

தரையில் வேலைக்குக் குறைவில்லை. அக்கானியைத் துணியில் வடிகட்டிப் பெரிய வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி அடுப்பேற்றுவார்கள். காய்ந்த ஓலையும் மட்டையும்தான் விறகு. தீயைத் தள்ளிக்கொடுப்பதும் கிண்டுவதும் நீங்கள் செய்யலாம். முதல் கொதியில் வெள்ளை நுரை விளிம்பைத் தாண்டி எழும். அப்போது ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு துளி போடுவார்கள், பொங்கிய நுரை அப்படியே அமரும். பிறகு வெகுநேரம் ஒன்றும் நடக்காததுபோலத் தோன்றும். நிறம் மட்டும் மெல்ல மாறும். குமிழி பெரிதாகிச் சத்தம் கனக்கும்போது கூப்பனி, அதாவது கெட்டிப் பாகு, ஆகிவிட்டது என்று பொருள். அதற்கப்புறம் நொடி தவறினாலும் அடிப்பிடித்துவிடும் என்பதால் அந்தக் கட்டத்தில் துடுப்பை உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்வார்கள். கொடுத்துவிடுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார்கள், உருண்டால் பதம். இறக்கிவைத்துக் கிண்டிக் கிண்டி, பாகு மணல் விழத் தொடங்கும் நேரத்தில் நனைத்து வைத்த சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். ஊற்றுவது நீங்கள். ஆறியதும் சிரட்டையைத் தட்டினால் கருப்பட்டி கழன்று விழும். காலையில் மரத்தில் இருந்தது மதியம் உங்கள் கையில் கட்டியாக இருக்கும். ஒரே பகலில் தொடக்கமும் முடிவும் காட்டும் தொழில் இந்தப் பட்டியலில் வேறு இல்லை.

இதில் கிடைக்கும் இன்னொரு பயன், கருப்பட்டியின் விலை ஏன் அப்படி இருக்கிறது என்று விளங்குவது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் அக்கானி காய வேண்டும். அதற்காக ஒருவர் எத்தனை முறை மரம் ஏறி இறங்கியிருக்கிறார் என்று கணக்குப் போடுங்கள். கடையில் மலிவாகக் கிடைப்பதில் வெள்ளைச் சர்க்கரை எவ்வளவு கலந்திருக்கும் என்பது அதன்பின் யாரும் சொல்லாமலே தெரியும்.

பிற்பகல் ஓலைக்கு. குருத்தோலையைக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து வைத்திருப்பார்கள். அந்த ஒரே அகலத்தில் கிழிப்பதுதான் உண்மையான திறமை, முடைவது பிறகுதான். எனக்குச் சொல்லித்தந்த அக்கா என் கையில் ஓலை நொறுங்கியதும், “ஓலை ஒணங்கிப் போச்சு மக்கா, தண்ணி தெளிச்சு வச்சிட்டு ஒரு சாயா குடி, வந்து பிடிக்கலாம்” என்றார். ஈரம் ஏறிய ஓலை வளையும், ஏறாதது பிளக்கும். அந்தத் தேநீர் இடைவெளியும் வேலையின் ஒரு பகுதி. முதல் நாளில் ஒரு சின்ன மூடிப்பெட்டியை முடித்துவிடலாம். மூலை திருப்புவதற்கு மட்டும் அவர் கை வேண்டியிருக்கும். சுளகு, கடவம் போன்றவை ஒரு நாள் வேலை அல்ல. பிள்ளைகள் கூட வந்தால் காற்றாடியும் கிலுக்கும் செய்து பார்ப்பார்கள். அவர்களை அடுப்பருகில் மட்டும் விடாதீர்கள்.

ஆட்களைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. மரத்தைக் காக்க வழி செய்தாயிற்று. ஏறுகிறவர்களைக் காக்கத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் பனை நின்ற விளைகள் பலவும் ரப்பருக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டன. மகன்கள் வளைகுடா நாடுகளுக்கோ கேரளத்துக்குக் கட்டட வேலைக்கோ போகிறார்கள். ஆகவே முந்தைய நாளே திங்கள்சந்தையிலோ கருங்கல் என்ற ஊர்ப் பக்கத்திலோ ஒரு டீக்கடையில் விசாரியுங்கள். கருப்பட்டி விற்கும் கடைக்காரரிடம் கேட்டாலும் வழி கிடைக்கும்.

சுங்கான்கடை மண்

பனைக் காலம் தவறியவர்களுக்கும், பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கும் என் அடுத்த தேர்வு சுங்கான்கடை. நாகர்கோவிலிலிருந்து தக்கலைக்குப் போகும் நெடுஞ்சாலையில், சாலையோரமே பானையும் மீன்சட்டியும் அடுக்கிவைத்திருப்பது பஸ்ஸிலிருந்தே தெரியும். இங்கே கை உடனே வேலையில் இறங்கும். சக்கரத்தின் முன் உட்கார்ந்ததும் களிமண் தன் விருப்பத்துக்கு ஓடும். அதை நடுவில் நிறுத்துவதற்கே முதல் அரைமணி நேரம் போகும். மண் நடுவில் நின்றுவிட்டால் கட்டைவிரலை இறக்கியதும் தானாகக் குழி விழுந்து சுவர் எழுகிறது. அந்த நொடியில் பெரியவர்கள் முகத்திலும் சிறுபிள்ளைச் சிரிப்பு வரும்.

போகுமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். நம் வீட்டு உருண்டைப் பானை சக்கரத்தில் முழுதாகப் பிறப்பதில்லை. கழுத்தும் தோளும்தான் அங்கே உருவாகின்றன. பாதி காய்ந்தபின் உள்ளே ஒரு வழவழப்பான கல்லைப் பிடித்துக்கொண்டு, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டித்தான் அடிப்பக்கத்தை உருட்டிக் கொண்டுவருகிறார்கள். கண் அங்கே வேலை செய்வதில்லை, காதுதான். தட்டும் ஓசை மாறுவதை வைத்துத் தடிமனைக் கணிக்கிறார்கள். பல பட்டறைகளில் இந்தத் தட்டும் வேலை பெண்களுடையது. சக்கரத்தைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடும் பயணிகள் தொழிலின் பாதியைப் பார்க்காமலே போகிறார்கள். சக்கரத்துக்கு எவ்வளவு நேரம் கொடுத்தீர்களோ, அவ்வளவு நேரம் தட்டுப்பலகைக்கும் கொடுங்கள்.

உங்களுக்குக் கைவருவது தட்டையடிக் கிண்ணம், அகல்விளக்கு, அதிகமானால் ஒரு பூத்தொட்டி. அதையும் அன்றே எடுத்துப்போக முடியாது. நிழலில் காய்ந்து, வெயிலில் காய்ந்து, சூளை நிறையும்வரை காத்திருந்துதான் சுடுவார்கள். பச்சை மண்ணைப் பையில் போட்டுக்கொண்டு போனால் ஊர் சேருமுன் உடையும். ஒரு வாரம் இந்தப் பக்கம் தங்குகிறவர்கள் முதல் நாளிலேயே சுங்கான்கடைக்குப் போய்விடுவது நல்லது. மழைக்காலத்தில் காயாது, சூளையும் எரியாது. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. தைப் பொங்கலுக்கு முந்தைய வாரங்களிலும், மாசியில் திருவனந்தபுரம் ஆற்றுகால் பொங்காலைக்கு முன்பும் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நாட்களில் போய்ச் சக்கரத்தைக் கேட்பது நியாயமில்லை. பங்குனி, சித்திரைதான் வசதி.

இதே நாளில் பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்த்துக்கொள்ளலாம். தக்கலைக்குப் பக்கத்தில், அதே சாலை வழியில் இருக்கிறது. காலையில் மண்ணில் கைவைத்துவிட்டுப் போனால் அந்த அரண்மனையின் மரவேலையையும் கருந்தரையையும் செய்தவர்களின் கையை நினைத்துப் பார்க்கத் தோன்றும்.

மயிலாடி, வடசேரி, தோவாளை

இந்த மூன்றும் நாகர்கோவிலைத் தாண்டியோ நாகர்கோவிலிலேயோ இருப்பவை. மூன்றுமே புவிசார் குறியீடு பெற்ற தொழில்கள். ஆனால் பயணிக்கு மூன்றும் ஒன்றல்ல.

மயிலாடியில் கருங்கல் செதுக்குகிறார்கள். தெருவுக்குள் நுழைந்ததும் உளிச்சத்தத்தைவிட அறுக்கும் இயந்திரத்தின் இரைச்சல்தான் முதலில் காதில் விழும். அதற்காக முகம் சுளிக்க வேண்டியதில்லை. பெருங்கல்லைப் பிளந்து உருவை ஒதுக்கும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டதால்தான் பலர் இன்னும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். முகமும் விரலும் ஆடை மடிப்பும் இன்றும் உளிக்குத்தான். முகத்தின் நீளத்தை ஓர் அளவாக வைத்து உடல் முழுவதையும் பகுக்கும் தாலக் கணக்கைக் கல்லின்மேல் கோடு போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஒரு சிலையைப் பார்க்கும் விதமே அதற்குப் பிறகு மாறிவிடும்.

கைவேலை என்று பார்த்தால் மயிலாடி கடினம். செய்து கொண்டிருக்கும் சிலையில் உளி வைக்க யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. கழிவுத்துண்டு ஒன்றில் நேர்கோடு இழுத்துப் பார்க்கலாம், ஓர் எழுத்தைக் குடைந்து பார்க்கலாம். உளியைப் பிடிக்கும் சாய்வு ஒரு பாகை மாறினாலும் கல் சிதறும், அல்லது உளி வழுக்கும். ஒரு மணி நேரத்தில் மணிக்கட்டு வலிக்கத் தொடங்கும். கண்ணாடியும் முகக்கவசமும் நீங்களே கொண்டுபோக வேண்டும். கருங்கல் தூசி நுரையீரலுக்குக் கேடு. ஆஸ்துமா உள்ளவர்களும் சிறுபிள்ளைகளும் இங்கே போகாமல் இருப்பதே நல்லது. பொறுமையும் நல்ல தோளும் உள்ள பெரியவர்களுக்கு இது அரை நாள். மீதி அரை நாளுக்குச் சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலுக்குப் போய் இசைத்தூண்களைப் பாருங்கள். ஒரே கல்லில் ஒன்றோடொன்று ஒட்டாத சிறு தூண்களைக் குடைந்தெடுத்திருக்கிறார்கள். ஓர் எழுத்தைக் குடைய முடியாமல் திணறிய கைக்குத்தான் அதன் பெருமை முழுதாகப் புரியும்.

வடசேரி கோயில் நகைக்குப் பெயர் பெற்றது. பரதநாட்டியம் ஆடுகிறவர்கள் அணியும் நெத்திச்சுட்டி, சூரியன் சந்திரன், ராக்குடி, ஜடைநாகம், ஒட்டியாணம் எல்லாம் இந்தத் தெருக்களிலிருந்து உலகம் முழுவதும் போகின்றன. வெள்ளித் தகட்டில் கூடு கட்டி, உள்ளே அரக்கு நிரப்பி, கெம்புக் கல்லைப் பதித்து, விளிம்பில் தங்கத் தாளை அழுத்தி ஒட்டுகிறார்கள். பார்ப்பதற்கு இதைவிட நுணுக்கமான வேலை மாவட்டத்திலேயே கிடையாது. ஆனால் கை வைக்க இடமில்லை. பொருள் விலையுயர்ந்தது, இடம் சிறியது, ஒரு கல் தவறிப் பதிந்தால் அரக்கைச் சூடாக்கி மறுபடி எடுக்க வேண்டும். ஆகவே கைவேலை தேடி வருகிறவர்களுக்கு வடசேரியை நான் சொல்லமாட்டேன். நாட்டியம் கற்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டும் போங்கள், செய்கிறவரிடமே வாங்குங்கள். ‘டெம்பிள் ஜுவல்லரி’ என்ற பெயரில் பித்தளை அச்சும் கண்ணாடிக் கல்லுமாக எங்கெங்கோ செய்து விற்கும் பொருளுக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கையில் எடுத்த எடையிலேயே உணரலாம்.

தோவாளைக்குக் காலையில் போனால்தான் பயன். விடியுமுன்பே பூச்சந்தை கூடிவிடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் இடம், பிச்சியும் அரளியும் கொழுந்தும் குவிந்து கிடக்கும். ஓணத்துக்கு முந்தைய நாட்களில் கேரள வியாபாரிகளால் நிற்கக்கூட இடமிருக்காது. சந்தையைப் பார்ப்பது ஒரு பங்குதான். நீங்கள் தேட வேண்டியது மாணிக்கமாலை கட்டுகிறவர்களை. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை ஆகியவற்றை மடித்து, வரிசை குலையாமல் நாரில் கோத்து, கட்டங்கட்டமாகக் கற்கள் பதித்த பட்டைபோல ஆக்கும் மாலை இது. திருவனந்தபுரம் பத்மநாபசுவாமிக்குப் போகும் மாலை என்பதால் இதற்குத் திருவிதாங்கூர் காலத்திலிருந்தே மதிப்பு. 2025இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

முழு மாலை உங்களால் ஆகாது. ஆனால் மடிப்பைக் கற்றுக்கொள்ளலாம், நான்கு விரல் நீளம் கட்டலாம். இதழை மடிக்கும்போது நகம் பட்டால் கறுத்துவிடும் என்பதால் விரல் நுனியின் சதையால்தான் பிடிக்க வேண்டும். தீ இல்லை, கருவி இல்லை, தூசி இல்லை. உட்கார முடிந்த யாரும் செய்யலாம். முதியவர்களோடு வருகிறவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது தோவாளை. முகூர்த்த நாட்களை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அன்று ஆர்டர் மேல் ஆர்டர் இருக்கும், யாருக்கும் உங்களைத் திரும்பிப் பார்க்க நேரமிருக்காது.

தேன், ரப்பர், கடல்

மார்த்தாண்டத்தின் தேனுக்கு நூறு ஆண்டுக் கதை உண்டு. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராம மறுசீரமைப்பு மையத்தை இங்கே நடத்திய ஸ்பென்சர் ஹாட்ச், சிறு விவசாயிக்கு நிலமில்லாமலே வருமானம் தரக்கூடியது எது என்று தேடி, பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். 1937இல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுவதும் கூடு கூடாக அழித்தபோது இந்தப் பகுதியும் தப்பவில்லை. மிஞ்சிய கூடுகளிலிருந்து மறுபடி பெருக்கி எடுத்தவர்கள் இந்த வளர்ப்பாளர்கள்தான்.

இதில் எனக்கு வியப்பு தருவது, மார்த்தாண்டத் தேனின் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதில்லை என்பது. தை மாதத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும். புதுத் தளிரில், மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சின்னச் சுரப்பிகள் இருக்கும். அங்கே கசியும் இனிப்பு நீரைத்தான் தேனீ குடிக்கிறது. மாசி, பங்குனியில் போனால் வளர்ப்பவர் சம்மதித்தால் பெட்டியைத் திறக்கலாம். கதம்பைப் (தேங்காய் மட்டைப்) புகை கொஞ்சம் காட்டி, மேலறைச் சட்டத்தை மெதுவாகத் தூக்கி, மெழுகு மூடிய அடையைக் கத்தியால் சீவி, சுழலும் கருவியில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றுவது உங்கள் வேலை. சட்டத்தில் இருந்து பறக்கும் தேன் பாத்திரச் சுவரில் மழையாக அடிக்கும் சத்தம் கேட்கும். கீழறையில் புழுவும் ராணியும் இருக்கும், அதைத் தொட வேண்டாம். இந்தியத் தேனீ சாது, ஆனாலும் கொட்டும். கொட்டினால் மூச்சுத் திணறுகிறவர்கள், ஒவ்வாமை இருக்கிறதா என்று தெரியாத சிறுவர்கள் தள்ளி நின்று பார்த்தால் போதும். வாங்கிப்போன தேன் சில வாரங்களில் உறைந்து சர்க்கரை கட்டினால் போலி என்று கொட்டிவிடாதீர்கள். ரப்பர்த் தேன் அப்படித்தான் உறையும். வெந்நீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும்.

ரப்பர்ப் பால் வெட்டைத் தனியாக ஒரு நாளுக்கு நான் சொல்லமாட்டேன். குலசேகரம் பக்கம் தங்க நேர்ந்தால் விடியலில் ஒரு தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். பட்டையின் கடைசி மெல்லிய அடுக்குவரை கத்தி போக வேண்டும், அதைத் தாண்டி மரத்தைத் தொடக் கூடாது. தொட்டால் அந்தக் காயம் ஆண்டுக் கணக்கில் முண்டாக நிற்கும். அதனால் உயிருள்ள மரத்தில் கத்தியைக் கேட்காதீர்கள். சிரட்டையில் வடிந்த பாலைச் சேர்ப்பதும், உறைந்த பாலை உருளையில் விட்டுத் தகடாக்குவதும் உங்களுக்குப் போதுமான வேலை.

கடலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது, குளச்சல் நெய்யூருக்கு அவ்வளவு பக்கம். கடல் அமைதியான மாதங்களில் குளச்சல், மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணற்கரைகளில் எங்காவது கரமடி இழுப்பார்கள். வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக வளைத்து விட்டுவிட்டு, இரண்டு கயிற்று முனைகளையும் கரையில் இரண்டு கூட்டம் பிடித்துக்கொண்டு, இழுத்தபடியே ஒருவரையொருவர் நெருங்கி வருவார்கள். நீங்களும் கயிற்றைப் பிடிக்கலாம். அனுமதி கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உள்ளங்கை சிவந்து போகும். கடைசியில் மடி கரையேறும்போது அதில் சாளையும் நெத்திலியும் துள்ளலாம், ஒரு கூடைகூட நிறையாமலும் போகலாம். கடலரிப்பும் தடுப்புச் சுவர்களும் வந்தபிறகு கரமடி இழுக்கும் கரை குறைந்துகொண்டே வருகிறது. இதற்கு முன்பதிவும் கிடையாது, உறுதியும் கிடையாது. நெய்யூரில் ஒரு வாரம் இருப்பவர் ஒரு காலைப் பொழுதைச் செலவிட்டுப் பார்க்கலாம். ஒரே நாளுக்கு வருகிறவர் இதை நம்பிப் புறப்படக் கூடாது. அலைக்குள் இறங்குவது வேண்டவே வேண்டாம். அந்தக் கரையின் இழுப்பு உள்ளூர்க்காரர்களையே ஏமாற்றும்.

லேஸ் பின்னலைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். 1821 வாக்கில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் மிஷன் பள்ளிப் பெண்களுக்குக் கற்றுத்தந்த வேலை அது. அடிமை நிலையில் இருந்த பெண்கள் சிலர் அந்த வருமானத்தில் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். மரக்கட்டைகளில் நூல் சுற்றி, தலையணைமேல் ஊசி குத்திப் பின்னுவது. இன்று அது தெரிந்த விரல்கள் மிகக் குறைவு, பெரும்பாலும் முதிய பெண்கள். ஒரு பகலில் பிடிபடுகிற வேலையும் அல்ல. உண்மையாகவே கற்க விரும்புகிறவர் வந்து மாதக்கணக்கில் தங்கினால் மிக நன்றாக இருக்கும். ஒரு நாள் பயணிக்கு இதை நான் சொல்லமாட்டேன்.

கூலி விஷயம்

எந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாலும் முந்தைய நாள் நேரில் போய்ப் பேசுங்கள். “நாளைக்கு நான் வந்தா உங்க வேலை எவ்வளவு கெடும்?” என்று கேட்டு, அந்த நாளின் கூலியை முதலிலேயே பேசி முடியுங்கள். “சும்மா வாங்க” என்பார்கள். அது நம் ஊர்ப் பண்பு, அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பனையேறியின் அடுப்படியில் நீங்கள் கழிக்கும் காலை அவருக்குச் சந்தைக்குப் போக வேண்டிய காலை. பொருளை வாங்குவது கூலிக்குப் பதிலாகாது, இரண்டும் தனித்தனி. பேரம் பேசுவதாக இருந்தால் போகவே வேண்டாம். படம் எடுக்கக் கேட்டுவிட்டு எடுங்கள், குறிப்பாக அடுப்படிப் பெண்களையும் கரையில் நிற்கும் பிள்ளைகளையும்.

ஒரே ஒரு நாள்தான் என்றால்: மாசி முதல் சித்திரை வரை வருகிறவர் பனைக்குப் போங்கள். பிள்ளைகள் உடன் இருந்தால் சுங்கான்கடை, பெற்றோர் உடன் இருந்தால் தோவாளை, தனியாக வரும் பிடிவாதக்காரருக்கு மயிலாடி. இரண்டு நாள் கிடைத்தால் இரண்டாவது நாளைத் தேன்பெட்டிக்குக் கொடுங்கள். மழை மாதங்களில் வந்துவிட்டீர்கள் என்றால் வீட்டுத் திண்ணையில் நடக்கும் ஓலை வேலை ஒன்றுதான் கைகொடுக்கும். அதுவும் குறைந்த வேலை அல்ல. திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் தேவாலயத்துக்குப் போவார்கள், கரையில் வலை இறங்காது.